கெட்டிக்காரப் பையனுக்கு யார் வழி காட்டுவது?

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வெளியாகின்றன. மறுநாள் பத்திரிகைகளில் தாயார் மகளுக்கு லட்டு ஊட்டும் படம் வருகிறது. தேறினவர்களின் சதவிகிதம் சென்ற ஆண்டைவிடக் கூடிற்றா, குறைந்ததா என்று இரண்டு நாள் விவாதம் நடக்கிறது. தவறினவர்களுக்கும் இப்போது அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு. முன்போல ஒரு வருஷம் வீணாவதில்லை. தேறினவர்களைப் பற்றியும் பேசுகிறோம், தவறினவர்களுக்காகவும் பரிகாரம் தேடுகிறோம். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

இந்தப் பிள்ளைகள் மக்குகள் அல்ல. ஏதாவது ஒரு விஷயத்தில் ஊரே வியக்கும்படி கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். ஆனால் மற்ற விஷயங்களில் தடுமாறி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், பதினெட்டு வயதுக்கும் இருபது வயதுக்கும் நடுவே எங்கேயோ காணாமற் போய்விடுவார்கள். அவர்களைப் பற்றிப் புள்ளிவிவரம் எதுவும் வருவதில்லை. பரீட்சையில் தவறினால் கணக்கு உண்டு. வழி தவறினால் கணக்கு ஏது?

எங்கள் தெரு முனையில், வேப்பமரத்து நிழலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருடைய மகன் அப்படிப்பட்டவன். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை யாரிடமோ இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருப்பான். தெருவிலுள்ள பெரிய பிள்ளைகள் அவனிடம் வந்து சந்தேகம் கேட்பார்கள். "கணக்குல புலி சார், மத்ததுல எலி" என்று அவன் தாயார் சொல்லும்போது அதில் பெருமை எவ்வளவு, கவலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறித் தேறினான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் ஓர் என்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்தது. சம்பளம் சர்க்கார் கட்டிற்று. தெரு முழுவதும் மிட்டாய் கொடுத்தார்கள்.

முதல் வருஷம் முடிந்தபோது நான்கு அரியர். கணக்கில் மட்டும் முதல் தரம்.

"நீங்க ஒரு வார்த்தை புத்தி சொல்லணும் சார்" என்று தகப்பனார் அழைத்துவந்தார். நானும் சொன்னேன். முயற்சி திருவினையாக்கும் என்றேன். "தம்பி, உன் திறமைக்கு நீ எங்கேயோ இருக்க வேண்டியவன்" என்றேன். "சரிங்க சார்" என்று தலையை ஆட்டினான். பதினைந்து நாள் கழித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு, முதுகில் உணவுப் பெட்டியுடன் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். பக்கத்து வீட்டாருக்குப் பிரியாணி கொண்டுவந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அன்று வெட்கப்பட்டிருக்க வேண்டியவன் அவன் அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தோன்றிற்று.

கும்பகோணத்துக் கதை

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே எல்லோரும் ராமானுஜத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். "அவர்கூடப் பரீட்சையில் தவறினவர்தானே!" என்று ஆறுதல் சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. இந்த ஆறுதல் பாதி உண்மை. பரீட்சையில் தவறினதனால் ஒருவரும் மேதையாகிவிடுவதில்லை. ராமானுஜத்தின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது அவர் தவறினதை அல்ல. தவறின பிறகு யார் யார் என்ன செய்தார்கள் என்பதை.

1904-இல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணக்குப் பரிசு வாங்கிய பையன், உபகாரச் சம்பளத்துடன் உள்ளூர் அரசாங்கக் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறொன்றிலும் மனம் போகவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் மார்க்குப் போதாமல் உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. 1905 ஆகஸ்டில் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனான். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுபடி தவறினார்; 1907-இல் தனியாக எழுதி மறுபடியும் தவறினார். இருபது வயதில் கையில் பட்டம் இல்லை, உத்தியோகம் இல்லை, இருந்ததெல்லாம் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள்தாம். 1909-இல் கல்யாணமும் ஆகிவிட்டது.

அந்தக் கல்லூரிகளைக் குறை சொல்வது சுலபம். ஆனால் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்று விதி வைத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். ஆங்கிலம் எழுத வராதவன் அக்காலத்தில் எந்த உத்தியோகத்துக்கும் போக முடியாது. கோளாறு விதியில் இல்லை. அந்த ஒரு வாசலைத் தவிர வேறு வாசல் இல்லை என்பதில்தான் இருந்தது.

அப்புறம் நடந்தது சுவாரசியமானது. 1910-இல் ராமானுஜன் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்திய கணித சங்கத்தை 1907-இல் தோற்றுவித்தவர் அவர். போனது, தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்பதற்காக. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர் வேலை கொடுக்கவில்லை! இவரைத் தாலுகா ஆபீசில் உட்காரவைத்து வீணாக்கக்கூடாது என்று நினைத்து, சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பேராசிரியர் சேஷு ஐயர் மூலம் விஷயம் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போயிற்று. ராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை. பேசிப் பார்த்து, மறுபடி வரவழைத்துப் பார்த்து, அதற்குப் பிறகே நம்பினார். நம்பின பிறகு மாதம் இருபத்தைந்து ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். அதற்கு ஈடாக எந்த வேலையும் வாங்கவில்லை.

பிறர் பணத்தில் எத்தனை நாள் இருப்பது? 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர். டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கும் இந்தக் குமாஸ்தாவின் மேல் ஒரு கண் இருந்தது. இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதங்கள் போயின. வேறு இருவருக்கு எழுதியதில் பயன் கிட்டவில்லை. 1913 ஜனவரி 16-ந் தேதி எழுதிய கடிதம்தான் கேம்பிரிட்ஜில் ஹார்டியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதே வருஷம் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. பட்டம் பெறாத ஒருவருக்கு அப்படிக் கொடுப்பதற்கு விதி இடந்தரவில்லை. ஆராய்ச்சியை வளர்ப்பதும் சர்வகலாசாலையின் கடமைதானே என்று வாதாடி வழி கண்டுபிடித்தார்கள். எப்.ஏ. தேறாதவர் 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1920-இல் முப்பத்திரண்டாவது வயதில் காலமாகிவிட்டார் என்பதை நினைத்தால், தாலுகா ஆபீஸ், தர்ம சாப்பாடு என்று அலைந்து கழிந்த அந்த ஐந்தாறு வருஷங்கள் எவ்வளவு பெரிய நஷ்டம் என்று விளங்கும்.

இந்தச் சங்கிலியில் உள்ளவர்களைப் பாருங்கள்! ஒரு டிப்டி கலெக்டர், ஒரு கல்லூரி வாத்தியார், ஒரு கலெக்டர், ஒரு கணக்கர், ஒரு துறைமுக அதிகாரி. ஹார்டியைத் தவிர மற்றவர்களின் பெயர்கள் நமக்கு ராமானுஜத்தின் கதையில்தான் தெரிய வருகின்றன. அவர்களில் ஒருவரும் "முயற்சி செய் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. ஒருவர் படித்துப் பார்த்தார், ஒருவர் கடிதம் கொடுத்தார், ஒருவர் பணம் கொடுத்தார், ஒருவர் வேலையும் அதோடு ஓய்வு நேரமும் கொடுத்தார். கேம்பிரிட்ஜில்கூட ஹார்டி செய்த காரியம் சாமானியமானதல்ல. நவீன கணிதத்தில் ராமானுஜத்துக்குத் தெரியாதது நிறைய இருந்தது. எல்லாவற்றையும் ஆதியிலிருந்து ஒழுங்காகக் கற்பிக்க முற்பட்டால் அவருடைய தன்னம்பிக்கையும் உற்சாகமும் போய்விடும் என்று பயந்து, தேவையானதை மட்டும் பக்குவமாகச் சொல்லிக் கொடுத்தார். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இந்தப் பயம் எத்தனை பேருக்கு உண்டு?

பணத்துக்கு வழி பிறந்தது, பாதைக்கு?

இன்றைய நிலைமைக்கு வருவோம். பணத்தின் கதவு முன்னைவிட அகலமாகத் திறந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. மறு ஆண்டே என்ஜினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண் பிள்ளைகளுக்கு அதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. 2021-22-ம் ஆண்டுக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி கல்லூரி வயதினரில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் தேசம் முழுவதற்கும் 28.4, தமிழ்நாட்டில் 47. இது சின்ன விஷயமல்ல.

ஆனால் சேருவது வேறு, நிலைப்பது வேறு. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளை, ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் திடீரென்று இங்கிலீஷில் விழுகிறது. 1905-இல் கும்பகோணத்தில் ஆங்கிலக் கட்டுரை செய்த வேலையை இன்று அரியர் செய்கிறது. உபகாரச் சம்பளத்தைப் பறிப்பதில்லை என்பது ஒன்றுதான் முன்னேற்றம்.

திறமையைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாடுகளோ, ஆச்சரியமாக, இதே காலத்தில் குறைந்துவிட்டன. 1963-இல் ஆரம்பமான தேசியத் திறனறி பரீட்சை, அரை நூற்றாண்டுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி எடுத்து, மேற்படிப்புக் காலம் முழுவதும் உதவித்தொகை கொடுத்துவந்தது. அதற்கான அனுமதி 2021 மார்ச் 31-உடன் முடிந்து, பரீட்சை நிறுத்தப்பட்டது. விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்காக 1999-இல் தொடங்கிய கிஷோர் வைக்யானிக் திட்டமும் 2022-இல் தனிப் பரீட்சையை இழந்து இன்னொரு திட்டத்தோடு கலந்துவிட்டது. இவற்றில் பட்டணத்துப் பிள்ளைகளே அதிகம் பயனடைந்தார்கள் என்ற குறை நியாயமானதுதான். குறையைச் சரி செய்ய வேண்டுமென்றால் கிராமத்துப் பள்ளிகளுக்கு அவற்றை எடுத்துப் போயிருக்கலாம். மாட்டுக்குக் கொம்பு கோணலாக இருக்கிறது என்று மாட்டையே விற்றுவிட்டோம்.

ராஜ்ய சர்க்கார் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கல்விக் கொள்கையில் பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை ரத்து செய்யப்பட்டது. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் அரை மனத்துடன். அந்தப் பரீட்சையை 2017-18-இல் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே விழுங்கிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் செய்யவைத்தன. பரீட்சை போன பிறகு பழைய பழக்கம் திரும்பினால் யாருக்கும் லாபமில்லை. மாறாக, அந்த ஒரு வருஷத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் எதில் நாட்டம், எந்த வாசல் பொருத்தம் என்று பார்ப்பதற்குப் பயன்படுத்தினால், இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் நோக்கமும் இதுதான். ஆனால் வழிகாட்டுதல் என்பது ஒரு பீரியட் பாடமாகவும், ஒரு நாள் முகாமாகவும் நின்றுவிட்டால், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை யார் புரட்டிப் பார்ப்பது?

சிறுசேரி எங்கே இருக்கிறது?

வாசல்கள் இல்லாமலும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய பி.எஸ். பட்டப் படிப்புக்குப் பிரசித்தி பெற்ற அந்த ஜே.இ.இ. பரீட்சை தேவையில்லை, அவர்களே சில வாரம் பாடம் நடத்தி, அதில் தேறினவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் வைத்தார்கள். விளையாட்டு வீரர்களுக்கு 2024-இலும், கலைகளில் சிறந்தவர்களுக்கும் விஞ்ஞான ஒலிம்பியாட் போட்டிகளில் தேர்ந்தவர்களுக்கும் 2025-இலும் அங்கே தனி இடங்கள் உண்டாயின. சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் ஒரு கணிதவியல் கழகம் இருக்கிறது. பேராசிரியர் சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் அதற்கு வித்திட்டார். அங்கே பி.எஸ்ஸி. கணிதத்துக்கு நடத்தும் நுழைவுப் பரீட்சையில் கணக்கு மட்டும்தான் கேட்கிறார்கள். ஆங்கிலக் கட்டுரை கிடையாது! கும்பகோணத்துப் பையனுக்குக் கிடைக்காத வாசல், அவர் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்த துறைமுகத்திலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் இன்று இருக்கிறது.

எங்கள் தெருப் பையனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவன் கேள்விப்பட்டதே இல்லை. அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரும் கேள்விப்பட்டதில்லையாம். நான் மட்டும் என்ன? இந்தக் கட்டுரைக்காக விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்துகொண்டேன். ஆண்டுதோறும் விளம்பரம் வருகிறது, பரீட்சை நடக்கிறது, தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் எழுதுகின்றன. வாசல் திறந்திருக்கிறது என்று சொல்ல ஒரு ராமசாமி ஐயர் எல்லாத் தெருவிலும் இருப்பதில்லையே.

அப்படியானால் அவன் என்ஜினீயரிங்கை விட்டுவிட வேண்டுமா? சில நண்பர்கள் அப்படித்தான் யோசனை சொன்னார்கள். எனக்குச் சம்மதமில்லை. சர்க்கார் செலவில் கிடைத்த இடம் அது. அவன் தகப்பனார் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டவர். தவிரவும், பி.இ. முடித்தவர்களும் கணினி விஞ்ஞானம் போன்ற மேற்படிப்புகளுக்குச் சிறுசேரியில் விண்ணப்பிக்கலாம். பாதை சுற்றிக்கொண்டு போகிறதே தவிர அடைபடவில்லை. அதற்கு முதலில் நான்கு அரியரும் தீர வேண்டும். ஆகவே புத்தி சொல்வதை நிறுத்திவிட்டு, விடைத்தாளைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நகலுக்கு மனுப் போட்டு ஆங்கில விடைத்தாள் வந்தது. எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருக்கிறார், தெருவுக்கே டீச்சரம்மா. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் படித்தார். "பையனுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. கேள்வி புரிந்திருக்கிறது. கைடில் இருந்ததை நெட்டுருப் போட்டு எழுதியிருக்கிறான்; ஞாபகம் எங்கே அறுந்ததோ அங்கே வாக்கியமும் அறுந்துவிட்டது" என்றார். பிறகு அவனைக் கூப்பிட்டு, "கணக்குப் போடும்போது எப்படியப்பா எழுதுவாய்?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு ஸ்டெப்பா எழுதுவேன், டீச்சர்."

"இதையும் அப்படியே எழுது. ஒரு ஸ்டெப்புக்கு ஒரு வாக்கியம். நீளமாக வேண்டாம். மனப்பாடம் கூடாது."

இதைக் கேட்டதும் அந்தப் பையனுடைய முகத்தில் வந்த தெளிவை, நான் சொன்ன திருவினையாக்கும் முயற்சி கொண்டுவரவில்லை.

இப்போது வாரத்தில் நான்கு நாள், சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை டீச்சரம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறான். அதற்குப் பிறகு பிரியாணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறான். வீட்டுக்கு அந்தப் பணம் வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போவதில்லை. அந்த ஒரு ராத்திரிக்கு அவன் சம்பாதிப்பதைத் தெருவில் மூன்று வீட்டார் சேர்ந்து கொடுத்துவிடுகிறோம். அன்று அவனுக்குப் பிடித்த கணக்கை மட்டும் போட வேண்டும் என்பது நிபந்தனை. தகப்பனாருக்கு இந்த ஏற்பாடு முதலில் பிடிக்கவில்லை. "அரியர் இருக்கும்போது எதுக்கு சார் கணக்கு? அதுதான் வருதே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வராததைத்தான் படிக்க வேண்டும் என்றுதானே நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

அரியர் பரீட்சை நவம்பரில். நான்கும் போய்விடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இரண்டு போனால்கூட டீச்சரம்மா திருப்திப்படுவார். போன ஞாயிற்றுக்கிழமை துணி கொடுக்கப் போனபோது, தகப்பனார் பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். சட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டு, சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சார், அந்தக் கணக்குக் காலேஜ் சிறுசேரியில இருக்குன்னு சொன்னீங்களே... அங்க போக எந்த பஸ் ஏறணும்? ஒரு நாள் அவனைக் கூட்டிக்கிட்டுப் போய், வெளியில நின்னாவது காட்டிட்டு வரலாம்னு பாக்கறேன்."